பகற்சபையின் பரிசுகள்

ஆண்டுதோறும், பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரில், நடைபெறும் கிராமி விருது விழாவைப் பற்றி மறுநாள் பத்திரிகைகளில் வெளிவரும் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு, அது நான்கைந்து பிரபல பாடகர்களுக்காகவே கூட்டப்பட்ட சபை என்றும், அவர்கள் அணிந்துவந்த ஆடைகளும் மேடையில் சிந்திய ஆனந்தக் கண்ணீருமே அதன் சாரம் என்றும் தோன்றினால் அதில் வியப்பில்லை. ஆயினும் அந்த விழாவின் மகிமையை முழுதும் அறிய விரும்புகிறவர்கள், விளக்குகள் ஜொலிக்கும் இரவுச் சபையைச் சற்றே மறந்து, அதே நாள் பகலில் பக்கத்து அரங்கில் கூடும் இன்னொரு சபையைக் கவனிக்க வேண்டும் என்று இந்த வாரம் வாசகர்களிடம் விண்ணப்பித்துக்கொள்ள விரும்புகிறேன்.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி நடந்த 67ஆவது விழாவையே எடுத்துக்கொள்வோம். அன்று விருது வழங்கப்பட்ட பிரிவுகள் 94. அவற்றுள் இரவில் தொலைக்காட்சி வாயிலாக உலகம் கண்டவை ஏறக்குறைய பத்து. ஏனையவை யாவும் பகலிலேயே பீகாக் தியேட்டர் என்னும் அரங்கில் ஒன்றன்பின் ஒன்றாக அறிவிக்கப்பட்டுவிட்டன. ஜாஸ், ஆப்பெரா, கறுப்பின மக்களின் தேவாலயங்களில் தழைத்த காஸ்பல், பான்ஜோவின் துரித நடையில் துள்ளும் புளூகிராஸ், ஜமைக்காவின் ரெகே, சேர்ந்திசை, நாடக இசை, குழந்தைகளுக்கான பாடல்கள் என்று விரியும் அந்தப் பட்டியலில், இசைத்தட்டின் உறையைத் தீட்டியவருக்கும், அதனுள் வைக்கும் வரலாற்றுக் குறிப்பை எழுதியவருக்கும், ஒலியைப் பழுதின்றிப் பதிந்த பொறியாளருக்கும்கூட இடம் உண்டு. பிரிந்துபோய் அரை நூற்றாண்டுக்கு மேலான பீட்டில்ஸ் குழுவினர், மறைந்த ஜான் லெனனின் பழைய ஒலிநாடாவிலிருந்து மீட்டெடுத்த குரலோடு நிறைவுசெய்த ஒரு பாட்டுக்காக ராக் பிரிவில் பரிசு பெற்றதும், முந்திய டிசம்பரில் தம் நூறாவது வயதில் காலமான முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், தம் ஊர்த் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் நடத்திய வேத வகுப்புகளின் ஒலிநூலுக்காகப் பரிசு பெற்றதும் அன்றைய பகற்சபையில்தான்.

இவர்கள் அனைவருக்கும் கிடைப்பது ஒரே வடிவமுள்ள பரிசு என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். கொலராடோ மாநிலத்து மலைகளின் நடுவே ரிட்ஜ்வே என்னும் சிற்றூரில், ஜான் பில்லிங்ஸ் என்ற கைவினைஞரின் பட்டறையில் அந்தச் சின்னஞ்சிறு கிராமபோன் உருவாகிறது. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்து, பிசிறுகளை அரத்தால் ராவி, மெருகேற்றி, பொன்முலாம் பூசி, பெட்டியும் தட்டும் குழலுமாக ஒவ்வோர் உறுப்பையும் கையாலேயே பொருத்துகிறார்கள். வெற்றி பெற்றவர் யார் என்பது உறையைப் பிரிக்கும் வரை ஒருவருக்கும் தெரியக் கூடாதாகையால், மேடையில் கையளிக்கப்படுவது பெயரில்லாத மாதிரிப் பரிசே. பெயர்ப் பட்டயம் பதித்த உண்மைப் பரிசு பின்னரே அவரவர்க்கு அனுப்பப்படுகிறது. கோடிக்கணக்கான ஜனங்கள் முணுமுணுக்கும் பாட்டுக்கென்று பெரிய கிராமபோனும், சில ஆயிரம் ரஸிகர்களையே உடைய சங்கீதத்துக்கென்று சிறிய கிராமபோனும் அந்தப் பட்டறையில் செய்யப்படுவதில்லை.

இந்தச் சமபாவனை விழாவின் பிறப்பிலேயே இருந்தது. 1959ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி, பெவர்லி ஹில்ஸிலும் நியூயார்க்கிலும் ஒரே சமயத்தில் நடந்த முதல் விழாவில் வழங்கப்பட்டவை 28 விருதுகளே. அவ்வாண்டின் சிறந்த இசைத்தட்டு என்ற கௌரவம், அமெரிக்காவிலேயே நடந்த அந்த விழாவில், இத்தாலியரான டொமெனிகோ மொதுக்னோ தம் தாய்மொழியில் பாடிய பாட்டுக்குச் சென்றது. மாஸ்கோவில் நடந்த சைகோவ்ஸ்கி போட்டியில் வென்று திரும்பிய பியானோ கலைஞர் வான் கிளைபர்ன், ஜாஸ் உலகின் கவுன்ட் பேஸி, எல்லா ஃபிட்ஜெரால்டு ஆகிய மேதைகளுக்குப் பக்கத்திலேயே, அணில்களின் கீச்சுக் குரலில் அமைந்த ஒரு குழந்தைப் பாட்டும் மூன்று பரிசுகளைப் பெற்றது.

ஆனால் இசையை வகை பிரிக்கும் காரியம் அன்று முதலே சங்கடங்களையும் உடன்கொண்டுவந்தது. அந்த முதல் விழாவில் கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசைக்கான விருதைப் பெற்ற கிங்ஸ்டன் ட்ரையோ, உண்மையில் வேறொரு மரபைச் சேர்ந்த ஃபோக் பாடகர்கள். அவர்களுக்கு உரிய பிரிவு அடுத்த விழாவில்தான் உண்டாக்கப்பட்டது. ராப் இசைக்கோ 1989ஆம் ஆண்டு வரை வாசலே திறக்கப்படவில்லை. அவ்வாண்டு திறந்தபோதும், அந்த விருது தொலைக்காட்சியில் காட்டப்பட மாட்டாது என்று தெரிந்ததும், அதை முதன்முதலில் பெறவிருந்த டிஜே ஜாஸி ஜெஃப், வில் ஸ்மித் ஆகிய இருவரும் விழாவுக்கே வர மறுத்தார்கள். பின்னர் 2019இல் சைல்டிஷ் கேம்பினோவின் பாட்டும், 2025இல் கென்ட்ரிக் லமாரின் பாட்டும் ஆண்டின் தலையாய விருதுகளை ராப் இசைக்கு ஈட்டித் தந்தன. அதே 2025இல், கன்ட்ரி இசையின் வரலாற்றில் கறுப்பினக் கலைஞர்களின் பங்கை நினைவூட்டும் ஓர் ஆல்பத்துக்காக, பியான்சே அந்தத் துறையின் சிறந்த ஆல்பத்துக்குரிய விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். பான்ஜோ என்னும் வாத்தியமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் ஞாபகத்தோடு அந்த மண்ணுக்கு வந்தது என்பதை எண்ணும்போது, இந்த அங்கீகாரம் எத்தனை காலம் கடந்து வந்தது என்பது விளங்கும்.

ஆகவே பிரிவுகளே வேண்டாம், எல்லா இசையும் ஒன்றே என்று சொல்லிவிடலாமா? சொல்லலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். வயலில் வரப்பு இருப்பது பக்கத்து நிலத்தைப் பகைப்பதற்காக அன்று, பாயும் நீர் பள்ளத்தை நோக்கி ஓடிவிடாமல் மேட்டுப் பாத்தியிலும் சற்றுத் தேங்கி நிற்பதற்காக. இசையுலகில் பணமும் புகழும் தாமே பள்ளம் நோக்கிப் பாய்கிறவை. வரப்பை வெட்டிவிட்டால் வறண்டுபோவது சிறிய மரபுகளே.

இது வெறும் ஊகம் அன்று. 2011ஆம் ஆண்டு, விருதுகள் பெருகிவிட்டன என்ற காரணத்தைக் காட்டி, 109ஆக இருந்த பிரிவுகளை 78ஆகக் குறைத்தார்கள். ஹவாய்த் தீவுகளின் இசைக்கும், அமெரிக்கப் பூர்வகுடிகளின் இசைக்கும், லூயிசியானாவின் கேஜன், சைடிகோ மரபுகளுக்கும் தனித்தனியே இருந்த விருதுகள் மறைந்து, அவை யாவும் 'பிராந்திய வேரிசை' என்ற ஒரே பிரிவில் ஒன்றோடொன்று போட்டியிட நேர்ந்தது. ஆண்டுக்கு ஒருவரே வெல்லக்கூடிய அந்தப் பிரிவில், பூர்வகுடி ஒருவரின் பிரார்த்தனைக் கீதத்தையும் சதுப்புநிலக் கிராமத்து நடனப் பாட்டையும் எந்த அளவுகோலால் ஒப்பிடுவது? லத்தீன் ஜாஸ் பிரிவு நீக்கப்பட்டபோது, பாபி சனாப்ரியா முதலிய கலைஞர்கள் நீதிமன்றம் வரை சென்று போராடினார்கள். மறு ஆண்டே அந்தப் பிரிவை மீண்டும் சேர்க்க, விழாவை நடத்தும் அகாடமி இணங்கியது. மற்ற மரபினருக்கு அந்த வலிமை இருக்கவில்லை. அத்தகைய நெருக்கடியிலும், ஹவாய் மொழியில் பாடும் கலானி பேயா 2017ஆம் ஆண்டு அந்தப் பொதுப் பிரிவின் விருதைத் தம் முதல் ஆல்பத்துக்கே பெற்றது அத்தீவு மக்களின் மொழிப்பற்றுக்குக் கிடைத்த வெற்றி.

ஹவாய்த் தீவுகளின் இசையைச் சிறியது என்று ஒதுக்குகிறவர்கள், அது நம் தேசத்துக்கு அளித்த கொடையை அறிந்தால் வியப்படைவார்கள். கிதாரை மடியில் கிடத்தி, தந்திகளின்மேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு ஸ்வரங்களை இழைய வைக்கும் முறை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தோன்றியது. உலகைச் சுற்றிவந்த தீவுக் கலைஞர்களில் ஒருவரான டௌ மோ, 1940களில் கல்கத்தாவில் வாழ்ந்து அந்த வாத்தியத்தைப் பிரபலமாக்கினார். பிரிஜ் பூஷண் காப்ரா அதனை ஹிந்துஸ்தானி ராகங்களைப் பேச வைத்தார். ரவி சங்கரின் சீடரான ஜெய்ப்பூர் விசுவ மோகன் பட், உடன்சேர்ந்து ரீங்கரிக்கும் தந்திகளையும் அதில் கூட்டி, மோகன வீணையாக்கினார். 1992ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் சான்டா பார்பரா நகரில், ஒரு குருமடத்தின் தேவாலயத்தில், ரை கூடர் என்னும் அமெரிக்கக் கிதார் வித்துவானும் பட் அவர்களும் பதிவுக்குச் சற்று முன்புதான் முதன்முறையாகச் சந்தித்து, ஒத்திகை ஏதுமின்றி வாசிக்க அமர்ந்தார்கள். தபலாவுக்கு ஒருவர், கூடரின் பதினான்கு வயது மகன் ஒரு சிறு கைமுரசோடு, ஆக மொத்தம் நால்வர். கவிச்சந்திரன் அலெக்சாண்டர் வால்வுக் கருவிகளைக் கொண்டு பதிந்த அந்த ஒலித்தட்டைக் கேட்கிறவர்களுக்கு, ஒரு தந்தி முடிக்கும் வாக்கியத்தை மறுதந்தி எடுத்துச் செல்வதும், தேவாலயத்தின் உயர்ந்த கூரை அந்த நாதத்தைத் தாங்கித் திருப்பித் தருவதும் துல்லியமாகப் புலப்படும். 1994இல் அது உலக இசைப் பிரிவில் கிராமி விருது பெற்றது. அந்தப் பிரிவு இல்லாதிருந்தால், இத்தகைய ஒரு பதிவு எந்தப் பெயரில் அந்தச் சபைக்குள் நுழைந்திருக்கும்?

அந்த உலக இசைப் பிரிவே 1992ஆம் ஆண்டு விழாவில்தான் முதன்முதலாக வழங்கப்பட்டது. அதை வென்ற மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' குழுவில் நம் கட வித்துவான் விக்கு விநாயக்ராம் அவர்கள் இருந்தார் என்பது தமிழர் பெருமை கொள்ளத்தக்க விஷயம். மானாமதுரையில் தட்டித்தட்டிக் கனம்பெறும் ஒரு மண்பானையை, அதன் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் நாதத்தைத் திரட்டி, விரல் நுனியாலும் நகத்தாலும் மணிக்கட்டாலும் வெவ்வேறு சொற்களைப் பேச வைக்கும் அந்த வித்தை, 1966இல் எம். எஸ். சுப்புலக்ஷ்மி அம்மையாரின் கச்சேரியோடு ஐக்கிய நாடுகள் சபையில் ஒலித்தது. பின்னர் ஜான் மெக்லாக்லினின் 'சக்தி' குழுவோடு உலக மேடைகளை வலம்வந்தது. 1977க்குப் பிறகு அந்தக் குழு வெளியிட்ட முதல் ஸ்டூடியோ ஆல்பம் 2024இல் கிராமி பெற்றபோது, விநாயக்ராமின் குமாரர் செல்வகணேஷ் கஞ்சிராவோடும், கணேஷ் ராஜகோபாலன் வயலினோடும், சங்கர் மகாதேவன் குரலோடும் அந்தக் கௌரவத்தில் பங்கு கொண்டார்கள். மறு ஆண்டு, சென்னையில் பிறந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற சந்திரிகா டாண்டன், தென்னாப்பிரிக்கப் புல்லாங்குழல் கலைஞர் ஒருவரோடும் ஜப்பானியச் செல்லோ கலைஞர் ஒருவரோடும் சேர்ந்து, வேத மந்திரங்களைக் கொண்ட ஆல்பத்துக்காகப் பரிசு பெற்றார். இவை யாவும் பகற்சபையின் செல்வங்கள்.

இந்தச் சிறப்புகளுக்கு நடுவே என் மனத்தை வருத்துவது ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டு விழாவில் உஸ்தாத் ஜாகிர் உசேன் ஒரே நாளில் மூன்று விருதுகளைப் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் சான்பிரான்சிஸ்கோ நகரில் காலமானார். 2025ஆம் ஆண்டு விழாவின் இரவு ஒளிபரப்பில், மறைந்த கலைஞர்களை நினைவுகூர்ந்து திரையில் காட்டிய வரிசையில் அவருடைய முகம் இடம்பெறவில்லை. தபலாவை உலகெங்கும் எடுத்துச் சென்று, முந்திய ஆண்டுதான் அதே விழாவில் மும்முறை கௌரவிக்கப்பட்ட ஒரு மகா கலைஞனை, பகலில் அறிந்த சபை இரவில் மறந்தது. தீய எண்ணம் எதையும் நான் இதற்குக் கற்பிக்க மாட்டேன். ஆனால் இரண்டு சபைகளுக்கும் நடுவே உள்ள சுவர் எத்தனை கனமானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

அந்தச் சுவரைத் தகர்க்கும் கடமை விழாவை நடத்தும் அகாடமிக்கு முதலில் உண்டு. மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் இரவு நிகழ்ச்சியில், ஆண்டுக்கு ஒரு சிறு பிரிவையேனும் முறைவைத்து மேடையேற்றி, அந்த மரபுக் கலைஞர்களை ஐந்து நிமிஷம் வாசிக்கச் செய்வது அசாத்தியமான காரியம் அன்று. அகாடமிக்கு அடுத்தபடியாகப் பத்திரிகைகளுக்கு அந்தப் பொறுப்பு உண்டு. வென்றவர்களின் பட்டியலை முழுமையாக அச்சிட ஒரு பத்தி இடம் ஒதுக்கினால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலான பொறுப்பு ரஸிகர்களாகிய நம்முடையது. ஏற்கெனவே புகழின் உச்சியில் இருக்கும் ஒருவருக்கு இன்னொரு பொற்பதுமை, இருப்பதோடு சேரும் ஆபரணமே. ஆனால் ஒரு தீவின் மொழியில் பாடுகிறவருக்கும், ஒரு மண்பானையை நம்பித் தம் ஆயுளையே அர்ப்பணித்தவருக்கும் கிடைக்கும் அதே பதுமை, அவருடைய ஊரில் அந்த வித்தையைக் கற்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் ஒரு பிள்ளைக்கும், அவனைப் பெற்றவர்களுக்கும் தைரியம் சொல்லும் அத்தாட்சியாகிறது. அந்த அத்தாட்சி பலிப்பது கேட்கிறவர்கள் உண்டானால்தான். ஆகையால் அடுத்த விழாவின் முடிவுகள் வெளியாகும்போது, தலைப்புச் செய்தியோடு நின்றுவிடாமல் பட்டியலின் கடைசி வரை படித்து, இதுவரை பெயர்கூட அறியாத ஒரு கலைஞரைத் தேர்ந்து, அவருடைய இசையை ஒரு முறையேனும் முழுக்கக் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பரிசளிப்பது நடுவர்களின் தொழில். அந்தப் பரிசைப் பயனுடையதாக்குவது நம்முடைய செவிகளால் மட்டுமே ஆகக்கூடிய காரியம்.