அரைப்பேர் பெறும் நோய்கள்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வாழும் தொழிலாளிக்குப் 'பேர்' என்ற சொல்லின் பொருளை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. செக்றோலிற் பேர் விழுந்தால் நாட்சம்பளம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் விழாவிடில் மலையேறி இறங்கிய உழைப்பும் வீண். நோய்க்கும் இவ்விதி பொருந்தும். பதிவேட்டிற் சரியான பேரும் குறியீடும் பெறாத நோய், மருந்தை ஒதுக்குவோர் கண்ணுக்கு இல்லாத நோயே.

"குறியீடு எழுதுவினைஞரின் வேலை, நோயாளிக்கு வேண்டியது மருந்து" என்பார் உளர். எந்த மருந்து என்று அவர்களை வினவ வேண்டும். வெளிறிய முகத்துடன் தோட்ட டிஸ்பென்சரிக்கு வரும் சிறுமிக்கு 'இரத்தச்சோகை' என்றெழுதி இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது எளிது. வறுமையும் கொளுக்கிப்புழுவும் வாட்டிய மக்களிடையே அது பெரும்பாலும் பொருந்தவுங்கூடும். ஆயின், பெற்றோர் இருவரிடமிருந்தும் பரம்பரையாக வரும் தலசீமியாவும் அவ்வாறே வெளிறச் செய்யும். அந்நோயாளரின் உடலில் இரும்பு மிகுந்து இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அவர்களுக்குக் காரணமறியாது கொடுக்கும் இரும்பு மருந்தன்று, கேடு. நோய்களின் அனைத்துலக வகைப்பாட்டின் பத்தாம் திருத்தம் இரும்புக்குறைச் சோகையை டி 50 என்றும், தலசீமியாவை டி 56 என்றும், வகை குறிக்கப்படாத சோகையை டி 64.9 என்றும் பிரிக்கிறது. மூன்றாவது, நோய்க்கு விழும் அரைப்பேர்.

பெருவாரியான நோய்க்குப் பரிந்து பேசப் பலர் உண்டு. 1916இல் றொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு இலங்கையிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது தோட்டங்களும் அதனுள் அடங்கின. தொழிலாளியின் சோர்வு துரைமாரின் இலாபத்தைக் குறைத்தமை அதற்கொரு காரணம். நூற்றுக்கணக்கானோர் வேலைக்கு வராவிடிற் கணக்கப்பிள்ளையும் கேள்வி கேட்பார். ஒரு லயத்தில் ஒரே குழந்தைக்கு வந்த நோயை எந்த இலாபக் கணக்கும் காட்டாது. அதன் சார்பிற் பேச எஞ்சியிருப்பது பதிவேடு ஒன்றே. தெரணியகலையில் ஒருவர், றக்வானையில் ஒருவர், பலாங்கொடையில் ஒருவர் எனச் சிதறியோரை ஒரே குறியீடுதான் ஒரு தொகையாக்கும். தொகையே மருந்துக்கும் பரிசோதனைக்கும் நிதி கேட்கும்.

பத்தாம் திருத்தத்தில் ஏறக்குறைய 500 அரிய நோய்களுக்கே தனிக் குறியீடு இருந்தது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தம் சுமார் 5,500 அரிய நோய்களை உள்ளடக்குகிறது. உலகப் பட்டியல் இவ்வாறு விரிந்தமை நன்றே. ஆயினும் இலங்கையின் உள்நோயாளர் நோய், மரண அறிக்கை அரசாங்க மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்டோரையே எண்ணுகிறது. டிஸ்பென்சரி வாசலில் மாத்திரை பெற்றுத் திரும்புவோர் அதனுள் அடங்கார். முதற் பேனா 'சோகை' என்றெழுதி ஓய்ந்தால், ஜெனீவாவின் நீண்ட பட்டியலால் லயத்துக்கு யாது பயன்?

நோயின் பேர் பரவினால் பெண்ணுக்கு வரன் அமையாது என்ற அச்சமும் உண்டு. அது பொய்யச்சமன்று, பதிவை மந்தணமாகக் காப்பதே அதற்கு விடை, பதியாமல் விடுவதன்று.

எனவே, டிஸ்பென்சரிப் பதிவும் குறியீடு பெறல் வேண்டும். மருந்துக்கு இணங்காத சோகை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பப்படல் வேண்டும். பெரிய மருத்துவமனையிற் கண்டறிந்த நோயின் பேர், நோயாளி அறியும் தமிழில் எழுதப்பட்டுத் தோட்டத்துக்குத் திரும்பல் வேண்டும். கொழுந்துக்கு முழுப்பேர் கேட்டு நின்ற மக்கள், தம் பிள்ளைகளின் நோய்க்கும் முழுப்பேர் கேட்கட்டும்.