அலுமினியத் தாளைக் கழட்டுங்க சாமிகளா!

வீட்டிலேயே நில அதிர்வுமானி செய்யற நம்ம ஆளுங்களுக்கு ஒரு வியாதி. வரைபடத்துல சம்பந்தமில்லாத மேடு வந்தா, சமையலறைக்கு ஓடி சப்பாத்தி சுத்தற அலுமினியத் தாளை எடுத்து உணரியைச் சுத்திடறது. "ஷீல்டிங் போட்டாச்சு"ன்னு பெருமை வேற. எனக்கும் இருந்த வியாதிதான், அதான் இவ்வளவு கோவம்.

1979ல சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில வந்த லேமன் வகைதான் என்னோடதும். கதவு மாதிரி ஆடற ஊசல், நுனியில காந்தமும் கம்பிச்சுருளும். காந்தப்புலம் மாறினா சுருளில் மின்னழுத்தம் வரும். ஊசல் ஆடி மாறினதா, பக்கத்துல லிஃப்ட் இறங்கி மாறினதான்னு பாவம் அதுக்கு எப்படித் தெரியும்?

'மென்பொருள்ல வடிகட்டிக்கலாம்'னு நானும் சொன்னவன்தான். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் போகும், சரி. தூரத்து நிலநடுக்கத்தோட மேற்பரப்பு அலைக்கு சுமார் 20 விநாடி. லிஃப்ட் இறங்கவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எதை வடிகட்டுவீங்க?

அலுமினியத்துல 50 ஹெர்ட்ஸ் புலமே சுமார் 12 மில்லிமீட்டர் ஆழம் ஊடுருவும். 20 விநாடி அலைன்னா 30 சென்டிமீட்டருக்கும் மேல. உங்க தாள் ஒரு மில்லிமீட்டர்ல ஐம்பதில் ஒரு பங்கு இருந்தா அதிகம்! கேபிளைச் சுத்தி எர்த் பண்ணுங்க, மின்புல இரைச்சலுக்கு உதவும். காந்தத்துக்கு உதவாது.

அடுத்த கோஷ்டி, காசைக் கொட்டி மியூ-மெட்டல் வாங்கி, சுத்தியலால தட்டிப் பெட்டி செய்யறவங்க. தட்டினாலே அதோட குணம் போயிடும். ஹைட்ரஜன் உலையில 1100 டிகிரிக்கு மேல சுட்டாதான் திரும்பும். ஆடற காந்தத்துக்குப் பக்கத்துல எந்த இரும்பை வெச்சாலும் அது இழுத்து ஊசலோட அலைவு நேரத்தையே மாத்திடும்.

முதல்ல ஊசலை அசையாம கட்டிப்போட்டு ஒரு நாள் பதிவு பண்ணுங்க. அப்பவும் மேடு வந்தா அது பூமி இல்ல. இடத்தை மாத்துங்க. ஒரே அளவுல ரெண்டு சுருள், எதிரெதிர் துருவமா ரெண்டு காந்தம் வெச்சு இணைங்க. வெளிப்புலம் கழிஞ்சு அதிர்வு மட்டும் கூடும். அப்புறம்தான் கருவி முழுசுக்கும் தள்ளி நிக்கற மாதிரி இரும்புப் பெட்டி.

'பொழுதுபோக்குக்கு எதுக்குய்யா இவ்வளவு?'ன்னு கேப்பீங்க. ஒரு ராத்திரி "கடலுக்கடியில பெருசா ஏதோ"ன்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டேன். 2004 டிசம்பர் 26ஐ நேர்ல பார்த்த நாகப்பட்டினம் பெரியப்பா விடியற வரைக்கும் தூங்கல. மறுநாள் ஊசலைக் கட்டிப்போட்டுப் பார்த்தா அச்சு அசல் அதே மேடு. லிஃப்ட்!

அவர்கிட்ட மன்னிப்பு கேட்டாச்சு. நீங்க கேக்கற நிலைமை வர வேணாம். தாளைக் கழட்டி சப்பாத்திக்கே குடுத்துடுங்க :-)