கொடைப் பணமும் வெடி நேரமும்

தென் மாவட்டத்து ஊர்களில் கோயில் கொடை நோட்டீசைப் புரட்டினால், உபயதாரர் பட்டியலில் ஒரு கல்குவாரியின் பெயரோ கிரஷரின் பெயரோ இல்லாமல் போவது அபூர்வம். அன்னதானத்துக்கு அரிசி, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், கபடி அணிக்குப் பனியன் என்று கொடுப்பார்கள். ஊரும் வேண்டாம் என்பதில்லை. ஆனால் கை நீட்டி வாங்கிய பிறகு, மறுநாள் மதியம் வெடிக்கும்போது அலமாரியில் பாத்திரம் குலுங்கினால், போய்க் கேட்கக் கொஞ்சம் வாய் கூசும். அந்தக் கூச்சத்துக்குக் கொடுக்கப்பட்ட விலைதான் நன்கொடை என்று சொன்னால் சில உரிமையாளர்களுக்குக் கோபம் வரலாம். நல்ல மனதோடு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு குவாரி ஊருக்கு நல்ல பக்கத்து வீட்டுக்காரனா என்பதை நோட்டீசில் அச்சாகும் தொகையை வைத்துச் சொல்லிவிட முடியாது. தன் வேலையை ஊர்க்காரர்கள் அளந்து பார்க்க அது இடம் கொடுக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குவாரியே வேண்டாம் என்ற கட்சியில் நான் இல்லை. ஆற்றில் மணல் அள்ளாதே என்று கேட்ட நாம்தான் எம்-சாண்டை வாங்கிக் கட்டடம் கட்டுகிறோம். எம்-சாண்ட் என்பது பாறையை இடித்துப் பொடித்த மணல். ஜல்லி இல்லாமல் காங்கிரீட்டும் இல்லை, சாலையும் இல்லை. குவாரி இருக்கத்தான் போகிறது. அப்படியானால் அதற்கும் ஊருக்கும் இடையில் என்ன ஏற்பாடு இருக்கிறது? சட்டம் தூரத்தைச் சொல்கிறது. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-இன்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக் கூடாது. பக்கத்துப் பட்டா நிலத்தை ஒட்டி 7.5 மீட்டர் தொடாமல் விட வேண்டும் என்பது குவாரி வரைபடங்களில் வழக்கமாகக் காணும் நிபந்தனை. இவை நாடா பிடித்து அளக்கும் தூரங்கள். தூசியும் அதிர்வும் நாடாவைப் பார்த்து நிற்பதில்லை. கிணற்றுக்கு வரும் ஊற்றும் அப்படித்தான்.

அதிர்வை எடுத்துக்கொள்வோம், ஊருக்கும் குவாரிக்கும் நடக்கும் சண்டைகளில் பாதி அதில்தான் தொடங்குகிறது. வெடிக்கும்போது தரை எவ்வளவு குலுங்குகிறது என்பதை நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிறார்கள். சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்குநரகம் 1997-இல் வெளியிட்ட சுற்றறிக்கை, குவாரிக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடுகளுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதிர்வு மெதுவாக, நொடிக்கு 8 முறைக்கும் குறைவாக ஆடினால் 5 மில்லிமீட்டர். 8 முதல் 25 முறை வரை என்றால் 10. அதற்கும் மேலே 15. வீடு மெதுவாக ஆடும் அதிர்வுக்குத்தான் அதிகம் அசைந்து கொடுக்கும் என்பதால் அங்கே வரம்பு இறுக்கம். இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு: மனித உடம்பு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வரும் அதிர்வையே உணர்ந்துவிடும். அதோடு காற்றில் வரும் அமுக்கமும் சேர்ந்து ஜன்னலை அடிக்கும். ஆக, வீட்டுக்குள் இருப்பவர் "வீடே ஆடுது" என்பதும் உண்மை. குவாரி மேலாளர் "வரம்புக்குள்தான் வெடிச்சோம்" என்பதும் உண்மையாக இருக்கலாம். இருவரும் பொய் சொல்லாமலே ஆயுள் முழுக்கச் சண்டை போட முடியும். அதைத் தீர்க்க ஓர் எண் வேண்டும். அந்த எண் ஊராரின் கண் முன்னால் பதிவாகவும் வேண்டும்.

அதிர்வுமானி ஒரு சிறிய பெட்டி. அதன் உணர்கருவியை வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டித் தரையில் பதித்துவிட்டால், வெடித்தவுடன் மூன்று திசைகளின் உச்ச அளவும் பதிவாகிவிடும். இன்று பெரும்பாலும் அதைக் குவாரியின் ஆலோசகர்தான் கொண்டுவருகிறார், குவாரிக்கு வசதியான இடத்தில் வைக்கிறார், எண்ணைத் தன் கோப்பில் போட்டுக்கொள்கிறார். அதே பெட்டியை ஊரின் கடைசி வீட்டு வாசலில், பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் பார்க்க வைத்து, எண்ணை அன்று மாலையே பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதினால் என்ன கெட்டுவிடும்? எண் அதிகமாக வந்தால் குறைக்கவும் வழி இருக்கிறது. தரையைக் குலுக்குவது அன்றைக்குப் போட்ட மொத்த மருந்து இல்லை, ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்து. எல்லாக் குழிகளையும் ஒன்றாகப் பற்றவைக்காமல் குழிக்குக் குழி சில மில்லி நொடி 'டிலே' கொடுத்தால், அதே அளவு கல் விழும், அதிர்வு கணிசமாகக் குறையும். வெடி வேலையை மேற்பார்க்கும் 'மேட்'டுகளுக்கு இது தெரியாத வித்தை இல்லை. அவசரத்திலும் சிக்கனத்திலும் கைவிடப்படுவது.

விரிசல் விஷயத்திலும் இப்படித்தான். சுவரில் கீறல் விழுந்தால் வீட்டுக்காரர் குவாரியைச் சொல்வார். குவாரி, அஸ்திவாரம் சரியில்லை, களிமண் தரை, பழைய வீடு என்று சொல்லும். வெடிப்பு தொடங்கும் முன்பே அரைக் கிலோமீட்டருக்குள் உள்ள வீடுகளைத் தேதியோடு படமெடுத்து, ஒரு பிரதி வீட்டுக்காரரிடமும் ஒரு பிரதி பஞ்சாயத்திலும் கொடுத்துவிட்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. பழைய விரிசலுக்குக் குறுக்கே விரற்கடை அகலத்துக்குச் சிமெண்டுப் பாலைப் பூசி, மேலே ஆணியால் தேதியைக் கீறிவைப்பது கொத்தனார்கள் அறிந்த முறை. பூச்சு உடைந்தால் விரிசல் நகர்கிறது. உடையாவிட்டால் அது பழைய கதை. ஒரு கரண்டி சிமெண்டு செலவு. இதைச் செய்ய மனமில்லாத நிறுவனம் இரண்டு லட்சம் கொடுத்துக் கொடைக்குப் பந்தல் போடுவதை எப்படிப் புரிந்துகொள்வது?

தண்ணீரும் சாலையும் இன்னும் மௌனமாகப் பறிபோகிறவை. கடினப் பாறை நிலத்தில் நிலத்தடி நீர் ஏரிபோல ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. பாறை இடுக்குகளில் ஓடுகிறது. குழி ஆழமாகி அந்த இடுக்கை வெட்டினால் ஊற்று குவாரிக்குள் வரும், அதை மோட்டார் வைத்து இறைப்பார்கள், எங்கோ ஒரு கிணறு வற்றும், அதற்கு அடுத்த கிணறு நிறைந்தே இருக்கும். இதனால்தான் கிணற்றுப் புகார்கள் எப்போதும் நம்பப்படுவதில்லை. சுற்றியுள்ள கிணறுகளில் மாதம் ஒருமுறை கயிறு விட்டு ஆழத்தை எழுதிவைத்தால் இரண்டு கோடைகளில் உண்மை தெரிந்துவிடும். சாலையின் கணக்கு இன்னும் கறாரானது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1950-களின் பிற்பகுதியில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் பயன்படுத்தும் விதி ஒன்று: லாரியின் அச்சுக்கு வரும் எடை இரு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. டிராக்டருக்கும் மினி பஸ்ஸுக்கும் போட்ட ஊராட்சிச் சாலையில், நடைச்சீட்டில் எழுதியதைவிடக் கூடுதலாக ஏற்றிய டாரஸ் லாரி போனால், ஏற்றிய அந்தக் கூடுதல் ஜல்லியின் லாபத்தை ஊர்ச் சாலைதான் கொடுக்கிறது. எடைமேடையைத் தாண்டாமல், தார்ப்பாய் மூடாமல் ஒரு வண்டியும் வெளியே வராது என்று ஒரு குவாரி முடிவுசெய்தால் அதுவே பெரிய உபகாரம். தூசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிரஷரை மூடித் தண்ணீர் தெளித்தால் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும்; மழையில்லாத மாதத்தில் பக்கத்துத் தோட்டத்து முருங்கை இலை என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே தெளிக்கிறார்களா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

இதற்கெல்லாம்தான் மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறதே என்று கேட்பார்கள். 2015 சட்டத் திருத்தத்தால் வந்த அந்த நிதி நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2024-இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் வழிகாட்டுதல், நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி என்பதைச் சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் வரை விரித்திருக்கிறது. அந்த வட்டத்துக்குள் நூறு ஊர்கள் அடங்கலாம். தூசி விழுவதோ முதல் இரண்டு ஊர்களில். கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு பற்றிய சட்டமும் இங்கே உதவாது. 5 கோடி ரூபாய் நிகர லாபம் போன்ற வரம்புகளைத் தொடும் கம்பெனிகளுக்குத்தான் அது பொருந்தும். நம் கல்குவாரிகளில் பல தனிநபர் குத்தகை அல்லது கூட்டு வியாபாரம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் வேறு வழி கண்டார்கள். 2007-இல் அங்கே ஒரு டன் கல்லுக்கு 11.5 சென்ட் கட்டணம் வைத்து, அதில் 6 சென்ட்டை அந்தக் குவாரி இருக்கும் உள்ளாட்சிக்கே நேராகக் கொடுத்தார்கள். தொகை சிறியது. ஆனால் ஊர் அதற்காக யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. எத்தனை டன் போயிற்று என்ற கணக்கும் தானாக ஊருக்கு வந்து சேர்கிறது. நன்கொடையில் இந்த இரண்டாவது லாபம் கிடையாது.

குவாரிக்காரர்கள் தரப்பில் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. எண்ணையெல்லாம் பலகையில் எழுதிப் போட்டால் நியாயமான புகாரைவிட மிரட்டல் புகார்தான் அதிகம் வரும். தகவலறியும் சட்டத்தில் மனுப் போட்டுவிட்டு வாபஸ் வாங்க விலை பேசுபவர்கள் இல்லையா என்பார்கள். இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குச் சோறு போடுவதே ரகசியம்தான். மறைத்துவைத்த எண்ணுக்குத்தான் விலை. பஞ்சாயத்துப் பலகையில் எல்லோரும் படித்துவிட்ட எண்ணைக் காட்டி யார் யாரை மிரட்ட முடியும்? இன்னொன்று செலவு. ஒழுங்காகச் செய்பவனுக்குச் செலவு கூடும், அனுமதியில்லாமல் வெட்டுபவன் விலையைக் குறைத்து விற்பான் என்பது உண்மை, சிறிய குவாரிகளுக்கு இது வலிக்கும். அதிர்வுமானியை ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. ஒரு வட்டாரத்துக் குவாரிகள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கள்ளத்தனமாக வெட்டுபவனைப் பிடிப்பது அரசின் வேலை, அதில் அரசு தவறியது ஊர்மேல் விழும் தண்டனையாகக் கூடாது. அரசு எவ்வளவு தவறியது என்பதற்கு மதுரை கிரானைட் விவகாரத்தை விசாரிக்க 2014-இல் உயர் நீதிமன்றமே ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை நியமிக்க வேண்டியிருந்தது சாட்சி.

அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள், ஊர் எதற்கு என்பது கடைசி வாதம். 2022 மே மாதம் திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளத்தில் இரவில் பாறை சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். 2024 மே முதல் நாள், காரியாபட்டி அருகே ஆவியூர் பகுதியில் குவாரிக்கான வெடிமருந்து வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் ஐந்து பேருக்குக் குறையாமல் பலியானார்கள். மூன்று ஆண்டுகளில் மூன்று மே மாதங்கள். பாறையைச் செங்குத்தாக வெட்டாமல் படிப்படியாக வெட்ட வேண்டும், படியின் அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பது பழைய விதி. அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதை வருஷத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வரும் அதிகாரியைவிட, தினமும் அந்த விளிம்பில் ஆடு மேய்ப்பவர் நன்றாகவே பார்க்கிறார். பார்த்ததைச் சொல்ல அவருக்குப் பயமில்லாமல் இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் திருமயம் அருகே, சட்டவிரோதக் குவாரிகள் மீது தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஒருவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். குவாரித் தொழிலில் இருந்தவர்கள் கைதானார்கள். நேர்மையாகத் தொழில் செய்யும் குவாரிகள், புகார் சொல்பவர் எதிரி இல்லை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய காலம் இது. அவர்களுடைய சங்கங்கள் விலை உயர்வுக்கும் வரிக்கும் கூடிப் பேசும் அதே குரலில் இதையும் பேசலாம்.

குத்தகை முடிந்த பிறகு மிஞ்சும் குழியும் பக்கத்து வீட்டு விவகாரமே. வேலி இல்லாத குழியில் குளிக்கப்போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி கோடைதோறும் வருகிறது. அதே குழி வேறு விதமாகவும் ஆகலாம்: 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குட்டைகளின் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு வேலியும், இறங்கி ஏறப் படியும், குழிக்கு யார் பொறுப்பு என்று எழுதிய ஒரு காகிதமும்தான். அந்தக் காகிதத்தை முதல் கல்லை உடைக்கும் முன்பே ஊரின் கையில் கொடுக்க வேண்டும். கடைசி லாரி போன பிறகு தேடினால் ஆள் கிடைக்க மாட்டார்.

2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். ஆனால் பக்கத்துக் குவாரிகளோடு சேர்த்தும் 5 ஹெக்டேரைத் தொடாத குவாரிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் இல்லை. அங்கே கிராம சபைதான் மிச்சமுள்ள இடம். கூட்டம் உண்டென்றால் 30 நாள் முன்னதாக அறிவிப்பு வரும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். அன்றைக்கு மேடையில் பள்ளிக்கூடத்துக்கு என்ன தருவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு டிலேக்கு எத்தனை கிலோ மருந்து, அதிர்வுமானி யார் வீட்டு வாசலில் இருக்கும், கிணற்று ஆழத்தை எழுதும் நோட்டு யாரிடம் இருக்கும். பதிலைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லி, அதன் நகலை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.