மலிவு ஜெனரேட்டர் மலிவானதல்ல!



ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்குவதென்றால் நாம் கையில் அள்ளிப் பார்ப்போம், பல்லில் கடித்துப் பார்ப்போம், நாலு மண்டியில் விலை கேட்போம். ஆனால் பல ஆயிரம் ரூபாய் போட்டுக் கடைக்கு ஜெனரேட்டர் வாங்கும்போது மட்டும், "எது விலை குறைவு?" என்ற ஒரே கேள்வியோடு உள்ளே நுழைந்து, ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

"இப்போதுதான் மின்வெட்டு இல்லையே, ஜெனரேட்டர் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் நின்றதே, அந்த நிலை இன்று இல்லை என்பது உண்மைதான். ஆனால் புயல் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. டெல்டா மாவட்டங்களில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நாட்களில்தான் அரிசிக்கும் பாலுக்கும் மெழுகுவத்திக்கும் ஊரே மளிகைக் கடையைத் தேடி வரும். அன்று விளக்கு எரிகிற கடையை வாடிக்கையாளர் மறப்பதில்லை.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள்

எல்லாக் கடைக்கும் ஜெனரேட்டர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விளக்கு, மின்விசிறி, பில் போடும் கணினி மட்டும் உள்ள கடைக்கு இன்வர்ட்டரே போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி ஒன்று இரண்டு மூன்று மணி நேரம் தாராளமாக ஓட்டிவிடும். சத்தமில்லை, புகையில்லை. பெட்ரோல் விற்கிற விலையில் ஜெனரேட்டரில் எடுக்கும் ஒரு யூனிட் மின்சாரம், மின்வாரியத்துக்குக் கட்டுவதைப் போலப் பல மடங்கு ஆகும். ஆகவே அரை மணி நேர மின்தடைக்கு ஜெனரேட்டரை இழுப்பது நஷ்டக் கணக்கு. பால், தயிர், ஐஸ்கிரீம் வைத்திருக்கும் ஃப்ரீசர் உள்ள கடைகளுக்கும், புயல் பாதையில் உள்ள ஊர்களுக்கும்தான் அது அவசியம்.

எவ்வளவு பெரியது வேண்டும்? ஆறு எல்.இ.டி. விளக்குகளுக்கு 120 வாட், மூன்று மின்விசிறிகளுக்கு 225, கணினிக்கும் பிரிண்டருக்கும் 150, ஒரு ஃப்ரீசருக்கு 250. ஆக மொத்தம் 745 வாட். "ஒரு கிலோவாட் மெஷினே போதுமே" என்று நினைப்போம். ஆனால் ஃப்ரீசரின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் அந்த நொடியில் வழக்கத்தைவிட மூன்று நான்கு மடங்கு, சமயத்தில் அதற்கு மேலும் இழுக்கும். நாலு மடங்கு என்று வைத்தால் ஃப்ரீசருக்கு மட்டும் 1,000 வாட். மொத்தம் 1,495. அதன் மேல் கால் பங்கு கையிருப்பு சேர்த்தால் ஏறத்தாழ 1,900 வாட். சிறிய மெஷின் வாங்கினால் ஃப்ரீசர் கிளம்பும்போதெல்லாம் திணறும்; மெஷினும் கெடும், ஃப்ரீசரும் கெடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் அதிகபட்சத் திறன். அது சில நிமிடங்களுக்குத்தான். தொடர்ந்து ஓடும்போது தரும் திறன் எவ்வளவு என்பது தனியாகச் சிறிய எழுத்தில் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மெஷினைப் பார்க்கும் முறை

நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் உள்ளதை வாங்குங்கள். ஆயில் குறைந்தால் தானே நின்றுவிடும் வசதி இருக்க வேண்டும். கடைப் பையன் ஆயில் பார்க்க மறந்தாலும் என்ஜின் பிழைக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்காமல் காக்கும் ரெகுலேட்டர் உண்டா, உள்ளே சுற்றியிருப்பது செம்புக் கம்பியா அலுமினியக் கம்பியா என்று கேளுங்கள். ஒரே திறனுள்ள இரண்டு மெஷின்களில் ஒன்று மிக லேசாக இருந்தால் காரணம் கேட்காமல் வாங்காதீர்கள்.

2025 முதல் நமக்குப் பங்குகளில் கிடைப்பது பொதுவாக 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். எனவே அந்தப் பெட்ரோலுக்கு ஏற்ற மெஷின்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும். புயலன்று கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோகிறவர்களில் பெரும்பாலோரின் கார்புரேட்டரில் பழைய பெட்ரோல்தான் பிசினாக உறைந்திருக்கும். மாதம் ஒரு முறை பத்து நிமிடமாவது லோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். புது மெஷினுக்கு முதல் ஆயிலை ஏறத்தாழ 20 மணி நேரத்தில் மாற்றுவதும், பிறகு 100 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவதும் பொதுவான வழக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உதிரிபாகமும் மெக்கானிக்கும் நம் ஊரில் உண்டா என்று பார்க்க வேண்டும். எங்கள் கடைத்தெருவில் ஒருவர் பொருட்காட்சியில் பெயர் தெரியாத மெஷினை மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு வாங்கி வந்தார். ஒன்பதாவது மாதம் கார்புரேட்டர் பழுது. விற்றவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. மெஷின் இன்று அவர் கிடங்கில் காலி எண்ணெய் டின்களுக்கு மேடையாக இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் கூடுதல் விலை கொடுத்து வாங்கியது பதினோராவது ஆண்டாக ஓடுகிறது. எது மலிவு என்று நீங்களே சொல்லுங்கள்.

பில் இல்லாமல் வாங்குவது அதைவிடப் பெரிய தவறு. வாரண்டி கிடைக்காது. காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்கள் கட்டிய ஜி.எஸ்.டி.யை வரவு வைத்துக்கொள்ளும் வாய்ப்பும் போய்விடும்.

உயிர் விஷயம்

இதுவரை சொன்னது பண விஷயம். இனிச் சொல்வது உயிர் விஷயம்.

திருட்டுக்குப் பயந்து ஷட்டருக்கு உள்ளேயோ, மாடிப்படியின் அடியிலோ வைத்து ஜெனரேட்டரை ஓட்டுகிறார்கள். என்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். கடையிலேயே படுத்துறங்கும் பையன்கள் நம் பொறுப்பில் இருப்பவர்கள். மெஷின் திறந்த வெளியில், புகைக்குழாய் சன்னலுக்கும் வாசலுக்கும் எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். ஆனால் வெளியில் வையுங்கள். சூடாக இருக்கும் மெஷினில் பெட்ரோல் ஊற்றவே கூடாது. கற்பூரமும் தீப்பெட்டியும் எண்ணெயும் அடுக்கியிருக்கும் கடைக்குள் பெட்ரோல் கேனை வைக்கவும் கூடாது.

அடுத்தது சேஞ்ச் ஓவர் சுவிட்சு. அதை மிச்சம் பிடித்து, இரு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரைச் சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் செருகி ஓட்டுகிற கடைகள் உண்டு. அப்போது நம் மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகிறது. டிரான்ஸ்பார்மரில் ஏறினால் அது உயர் அழுத்தமாகிவிடும். புயலுக்குப் பின் வேறு மாவட்டங்களிலிருந்து வந்து, சோறு தண்ணீர் நேரத்துக்கு இல்லாமல் கம்பத்தில் ஏறி நிற்கும் மின்வாரிய ஊழியர், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் கை வைக்கிறார். நமக்கு வெளிச்சம் கொண்டுவர வந்தவரை நாமே கொன்ற பாவம் வேண்டாம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சுவிட்சு பொருத்துங்கள்.

சங்கம் செய்யலாம்

இருபது முப்பது கடைகள் சேர்ந்து ஒரே வகை மெஷினாக வாங்கினால் விலையும் குறையும், உதிரிபாகமும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம், ஒரு மெக்கானிக்கை ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், உறுப்பினர் கடைகளின் மெஷினையும் சுவிட்சையும் சோதித்துத் தர அந்தந்த ஊர்ச் சங்கங்கள் ஏற்பாடு செய்யலாம். சந்தா வாங்குகிற சங்கம் இதைச் செய்தால் உறுப்பினர்கள் மகிழ்ந்து கொடுப்பார்கள்.

பருப்பை மூட்டை பிரித்துப் பார்த்து வாங்குகிற நமக்கு மெஷினைப் பார்த்து வாங்கத் தெரியாமல் போகாது. கொஞ்சம் பொறுமையும், நாலு கேள்வியும் போதும். அடுத்த செயற்குழுவில் இதைப் பற்றிப் பேச நிர்வாகிகள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.