ஆகாயத் தூரமும் நிலத் தூரமும்

சென்னை மீனம்பாக்கத்திற்கும் சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்திற்கும் இடையேயுள்ள ஆகாயத் தூரம் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். பறக்கும் நேரமோ சுமார் 4 மணி. நம் பாட்டன்மார் இக்கடலை ‘ரஜூலா’க் கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் கடந்தனர். இந்நாளில் நள்ளிரவில் புறப்படுவோர், அந்நாட்டுக் கடிகாரம் காலை ஆறரை காட்டும்போது இறங்குகின்றனர். திரும்புங்கால் ஒன்றரை மணி நேரமே கழிந்ததாகக் கடிகாரம் பொய் சொல்லும்! இரு நாட்டு நேரத்திற்கும் உள்ள இரண்டரை மணி வேறுபாடே இதற்குக் காரணம்.

நிற்க. உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் வாழும் நமக்கு இது பாதிக் கணக்கேயாம். இங்கிருந்து மீனம்பாக்கம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். செங்கற்பட்டு வரை பேருந்து. அங்கிருந்து திரிசூலத்திற்கு மின்சார ரயில். வெளிநாடு செல்வோர் மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருத்தல் வேண்டும். ஆகவே நள்ளிரவு விமானத்திற்கு நாம் பிற்பகலிலேயே மூட்டையுடன் சாலையில் நிற்கிறோம். வங்கக் கடலைக் கடப்பதினும் வாசலிலிருந்து விமானப் படிக்கட்டை அடைவதே நீண்ட பிரயாணமாயிருக்கிறது. தூரத்தை நிலையத்திலிருந்தன்றி வீட்டு வாசலிலிருந்து அளத்தலே முறையென்பது நமது துணிபு.

அவ்வாறு அளப்பின், 2022-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையம் நமக்கு ஆதாயமென்றே தோன்றும். அது காஞ்சிபுரத்திற்கு அணித்து. நமக்கும் மீனம்பாக்கத்தினும் அண்மையது. இந்த ஆசை நம்முள்ளும் எழுந்ததென்பதை மறைப்பானேன்? ஆனால் அத்திட்டம் கேட்பதோ 13 கிராமங்களில் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். அதனுள் நன்செய் உண்டு, ஏரிகள் உண்டு, ஏகனாபுரத்தார் பிறந்து வளர்ந்த வீடுகளும் உண்டு. அவ்வூர்க் கிராம சபை இதனை வேண்டாவெனப் பன்முறை தீர்மானித்துள்ளது. நமக்கு மிச்சமாகும் சில நாழிகைக்கு அவர்கள் ஊரையே விலையாகத் தருதல் வேண்டுமாம்!

முதற் பராந்தக சோழன் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 920-இல், உத்திரமேரூர்ச் சபையார் குடவோலையால் வாரியங்களைத் தேர்ந்த முறையைக் கல்லில் வெட்டினர். அவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று. அக்கல்லைக் காட்டிப் பெருமை பேசும் நாம், அண்டையூர்ச் சபையின் சொல்லைக் காகிதமென்று தள்ளுவது எங்ஙனம் பொருந்தும்? அவர்கள் இசைவின்றி ஓர் ஏரியும் தூர்க்கப்படலாகாது.

நமது நேரத்தைக் குறைக்க விரும்புவோர்க்கு எளிய வழியொன்றுண்டு. உத்திரமேரூரிலிருந்து மீனம்பாக்கத்திற்கு, விமான நேரங்களுக்கு இயைந்து, இரவிலும் ஓடும் நேர்ப் பேருந்து விடுக. அதற்கு ஓர் ஏக்கர் நன்செயும் வேண்டியதில்லை.