ஒரே பையரை நம்பிய கழுகு

டைனோசர் எல்லாருக்கும் தெரியும். ஹாஸ்ட் கழுகு தெரியுமா?

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் வாழ்ந்த பறவை. கழுகுகளிலேயே மிகப் பெரியது. பெண் கழுகு 10 முதல் 15 கிலோ, சிறகு விரித்தால் 3 மீட்டர் வரை. சதுப்பு நிலத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து 1871-ல் ஜூலியஸ் வான் ஹாஸ்ட் இதை உலகுக்குச் சொன்னார். 2005-ல் டிஎன்ஏ பார்த்தபோதுதான் ஆச்சரியமே. இதற்கு நெருங்கிய சொந்தங்களில் ஒன்று, குளிர்காலத்தில் நம்ம தமிழ்நாட்டுக்கு வர்ற பூட்டட் ஈகிள். அதன் எடை சுமார் ஒரு கிலோதான்!

அப்போ இது மட்டும் எப்படி இவ்வளவு வளர்ந்தது? அந்தத் தீவில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டியே கிடையாது. மான் இடத்தில் மேய்ந்தது, 200 கிலோ தாண்டும் மோவா என்ற பறக்காத பறவை. புலி இடம் காலி. அந்த வேலையைக் கழுகு எடுத்துக்கிச்சு.

1300 வாக்கில் மனிதர்கள் வந்தாங்க. மோவாவை வேட்டையாடினாங்க, காட்டை எரிச்சாங்க. 150 வருஷம் போல ஆனதும் மோவா காலி, கழுகும் காலி. ஒரே பையரை நம்பி ஓடுற யூனிட், ஆர்டர் நின்னா என்ன ஆகும்னு திருப்பூர்க்காரங்களுக்குச் சொல்லணுமா?

ஆனால் "அது ஓவரா ஸ்பெஷலைஸ் ஆச்சு, அதனால் போச்சு" என்று பழியைப் பறவை மேல் போடுவதை நான் ஏற்க மாட்டேன். லட்சக்கணக்கான வருஷம் ஓடிய டிசைன் அது. சப்ளையை அறுத்தது நாம்.

இப்பவும் அதைத்தான் செய்கிறோம். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992-லிருந்து 2007-க்குள் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி ஊசிதான் காரணம். செத்த மாட்டைத் தின்ற பாறுக்குக் கிட்னி செயலிழந்தது. 2006-ல் கால்நடைக்குத் தடை வந்தது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக்குக்கும் தடை. கழுகுக்குத் தீனி தீர்ந்தது. பாறுக்குத் தீனி விஷமானது. வருஷத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை, சீக்கிரம் மீளாது.

தமிழ்நாட்டில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் மாயாறு பள்ளத்தாக்கில். நமக்கு சத்தி தாண்டினால் வந்துவிடும். பாறு இரை தேடி ஒரே நாளில் பல பத்து கிலோமீட்டர் பறக்கும். சத்தி, புளியம்பட்டி, கோபி பக்கமிருந்து பஸ் ஏறி வர்றவங்க நம்ம கிளாஸ்லயே இருக்கீங்க. வீட்டில் மாடு இருக்கும். அடுத்த முறை அதுக்கு வலி ஊசி போடும்போது, "மெலாக்சிகம் போடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். பாறுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்துப் பார்த்த மருந்து அது. மனுஷங்களுக்கான டைக்ளோஃபினாக்கை மெடிக்கலில் வாங்கி மாட்டுக்குப் போடுற பழக்கம் இருந்தா, அப்பாகிட்ட இன்னைக்கே பேசுங்க.

ஹாஸ்ட் கழுகுக்காகப் பேச அன்று யாருக்கும் விவரம் தெரியாது. நமக்குத் தெரியும்.