முகத்துக்கு எது கேட்டாலும் ஒரே டப்பாவா?

அரிசி கேட்டு வருபவரிடம் "சாப்பாட்டுக்கா, இட்லிக்கா?" என்று கேட்காமல் நாம் மூட்டையை அவிழ்ப்பதில்லை. மிளகாய் என்றால் குண்டா நீட்டா என்று கேட்கிறோம். ஆனால், "அண்ணா, முகத்துக்கு நல்ல கிரீம் ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் மட்டும் நம் கை நேராக அலமாரிக்குப் போய்விடுகிறது. எந்தச் சரக்கில் கமிஷன் கூடுதலோ அந்த டப்பா மேசைக்கு வருகிறது. யாருடைய முகத்துக்கு, எப்படிப்பட்ட தோலுக்கு என்ற கேள்வியே எழுவதில்லை. இந்தப் பழக்கத்தை நம் வணிகப் பெருமக்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த வியாபாரம் வளர்ந்த கதை நமக்குத் தெரிந்ததுதான். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. கடலூரில் தொடங்கிய சாஷே வியாபாரம் ஷாம்புவைக் குக்கிராமத்துப் பெட்டிக்கடை வரை தொங்கவிட்டது. கிரீமும் அந்த வழியிலேயே வந்தது. 1998இல் நம் தமிழ்நாட்டு கவின்கேர் நிறுவனத்தின் ஃபேர்எவர் வந்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லியின் பெயரே குளோ அண்ட் லவ்லி என்று மாறியது. பெயர் மாறினாலும் நம் மேசைமுன் நிற்பவர் மனத்தில் இருக்கும் கேள்வி மாறவில்லை: "இதைப் போட்டால் சிவப்பாகலாமா?" தோலுக்கு நிறம் ஒரு நோயல்ல. எண்ணெய்ப் பசை எவ்வளவு, ஈரம் எவ்வளவு, எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதே தோலின் கணக்கு.

அந்தக் கணக்கைப் பார்க்க எளிய வழி உண்டு. முகத்தை மென்மையான சோப்பால் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட வேண்டும். முகம் முழுவதும் பளபளத்தால் எண்ணெய்ப் பசைத் தோல். இழுத்துப் பிடித்தாற்போல் வெடவெடப்பாக இருந்தால் வறண்ட தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் பிசுபிசுத்துக் கன்னம் காய்ந்திருந்தால் இரண்டும் கலந்த தோல். எதைப் பூசினாலும் எரிச்சலும் சிவப்பும் வந்தால் அது எளிதில் பாதிக்கப்படும் தோல். இதை வாடிக்கையாளரிடம் சொல்ல நமக்கு அரை நிமிடம் போதும்.

எந்தத் தோலுக்கு எந்தச் சரக்கு? எண்ணெய்ப் பசைத் தோலுக்குக் காலையும் மாலையும் ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவினால் போதும். நாலைந்து முறை தேய்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். பரு உள்ள முகத்தில் தேங்காய் எண்ணெய் துவாரங்களை அடைக்கும். அவர்களுக்குத் தண்ணீர் போன்ற லேசான லோஷன் போதும். வறண்ட தோலுக்குக் கடலை மாவும் முல்தானி மட்டியும் இருக்கிற பசையையும் உறிஞ்சிவிடும். கழுவிய ஈரம் காய்வதற்குள் கிளிசரின் கலந்த கிரீமோ, கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லியோ பூசுவது நல்லது. கலந்த தோலுக்கு நெற்றியில் குறைத்தும் கன்னத்தில் கூட்டியும் பூச வேண்டும். எளிதில் பாதிக்கப்படும் தோலுக்கு வாசனை சேர்க்காத சரக்கே ஏற்றது. அதையும் முன்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பார்த்துவிட்டே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்து வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். இது எல்லாத் தோலுக்கும் பொருந்தும்.

ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போகிறவர்களும், வயலில் வேலை செய்கிறவர்களும் நிறைந்த வட்டாரம் நம்முடையது. இவர்கள் எல்லோருக்கும் பயன்படும் சரக்கு சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாததாக இருக்க வேண்டும். முகம் கறுப்பதற்கு வெயில் பெரிய காரணம். அதைத் தடுக்கும் சரக்கு நம் கடையில் இருப்பதில்லை; கறுத்த பின் வெளுக்கவைப்பதாகச் சொல்லும் சரக்கு மட்டும் வரிசையாக இருக்கிறது.

மஞ்சளைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கூட்டுறவு சங்கத்தில் மஞ்சள் ஏலம் நடக்கும் ஊர் இது. பாலிஷ் செய்யும்போது கண்ணைப் பறிக்கும் நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம் சேர்ப்பவர்கள் நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். சாப்பிடவும் பூசவும் ஆகாத விஷம் அது. முகத்துக்குக் கேட்பவருக்குப் பாலிஷ் போடாத குண்டு மஞ்சளைக் கொடுப்பதே நியாயம். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் அடர் மஞ்சள் பொடியை விற்பதும் நிற்க வேண்டும். அசல் கஸ்தூரி மஞ்சளை நறுக்கினால் உள்ளே வெளிறியிருக்கும். கற்பூர வாசனை வரும்.

இனி நாம் அஞ்ச வேண்டிய சரக்குக்கு வருவோம். கேரளத்தில் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்கவைக்கும் கிரீம் பூசியவர்கள். கிரீமில் இருந்தது பாதரசம். பாதரசம் தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும். அதனால் முகம் வெளுத்தது போல் தெரியும். ஆனால் அது தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்கும். பூசுவதை நிறுத்திய பின் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை நடத்தி, உரிமமில்லாத அழகுப் பொருள்களைப் பறிமுதல் செய்தது.

இன்னொன்று ஸ்டீராய்டு கலந்த கிரீம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று டியூபில் எழுதியிருக்கும். சில நாளில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளம் தெரிந்து, பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும். 2018 மார்ச்சில் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை அட்டவணை எச்-இல் சேர்த்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையிலேயே இவற்றை விற்கக் கூடாது என்னும்போது, மருந்து உரிமம் இல்லாத மளிகைக் கடையில் வைத்திருப்பதே குற்றம்.

"நாம் டாக்டரா? கேட்பதைக் கொடுக்கிறோம். நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் கொடுப்பார்" என்று சிலர் வாதிடலாம். கெட்டுப்போன எண்ணெயைப் பக்கத்துக் கடைக்காரர் விற்கிறார் என்பதற்காக நாமும் விற்போமா? சட்டமும் இந்த வாதத்தை ஏற்காது. அழகுப் பொருள் பற்றி ஆய்வாளர் கேட்டால், அதை யாரிடம் வாங்கினோம் என்று சொல்ல வேண்டியது மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி நம் கடமை. பைக்கில் வந்து பில் இல்லாமல் சரக்கு போட்டுவிட்டுப் போனவரை அப்போது எங்கே தேடுவது?

எனவே தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம், சேர்மானப் பட்டியல் ஆகியவை இல்லாத டப்பாவை இறக்கவே கூடாது. வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். "ஏழே நாளில் வெள்ளை" என்ற வாசகம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். ஒவ்வொரு சரக்குக்கும் பில் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். ஒரு மாதக் கூட்டத்துக்குத் தோல் மருத்துவர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லலாம். கடைப் பையன்களையும் உடன் அழைத்து வரலாம். மேசையில் நின்று டப்பாவை எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தானே! ஒரு டப்பா கிரீமில் கிடைக்கும் கமிஷன் சில ரூபாய். மாதாமாதம் மளிகைச் சீட்டைக் கொடுத்தனுப்பும் குடும்பம் நம்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை அந்தச் சில ரூபாய்க்கு விற்றுவிடலாகாது.